மாலை 6 மணிக்கு ஒரு டயாலிசிஸ் பேட்ச் வேண்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, அரசு மருத்துவமனை ஒன்றில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். திங்கள், புதன், வெள்ளி. காலை 7 மணி பேட்ச். போன வாரம் அங்கே போய், மாலைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டோம். "சாயங்காலம் பேட்சே கிடையாதும்மா. வேலைக்குப் போறவர்னா பிரைவேட்ல பண்ணிக்குங்க" என்று பதில் வந்தது. சொன்னவர் மேல் எனக்கு வருத்தமில்லை. இல்லாத பேட்சை அவர் எங்கிருந்து தருவார்? அந்தப் பேட்சை உண்டாக்கும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

டயாலிசிஸ் நாலு மணி நேரம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாலு மணி நேரம் ஒரு நாளையே எப்படி விழுங்குகிறது என்பதைச் சொல்கிறேன். எடை பார்த்து, பிரஷர் பார்த்து, கையில் இரண்டு ஊசி குத்தி மெஷினில் இணைக்கவே எட்டு மணியாகிவிடும். முடிந்து கழற்றியபின் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கும்வரை பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே வரும்போது மதியம். பிரஷர் இறங்கிப்போய், கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, பஸ்ஸில் நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. அதன்பிறகு கட்டிங் டேபிளில் போய் எப்படி நிற்பது?

எங்கள் ஊரில் எல்லாம் ஷிப்ட் கணக்கு. காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். வராத நாளுக்குக் காசு கிடையாது. கட்டிங் மாஸ்டர் வராவிட்டால் நஷ்டம் அவரோடு நிற்பதுமில்லை. துணியை அடுக்கடுக்காக விரித்து, அதாவது லே போட்டு, வெட்டிக் கொடுத்தால்தான் தையல் நடக்கும் பவர் டேபிளுக்கு வேலை. இல்லையென்றால் ஒரு லைன் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

இவ்வளவுக்கும் அந்தக் கம்பெனிக்காரர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடது கையில் பாரம் தூக்கக் கூடாது என்றதும், துணி ரோலைத் தூக்கிப் போட ஒரு பையனை அமர்த்தினார்கள். உட்கார்ந்து மார்க்கிங் போட ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். மே மாத வெயிலில் நாள் முழுக்க அனுமதித்த அரை லிட்டர் தண்ணீரை மடக்கு மடக்காக வைத்துக் குடிக்கிறவரைப் பார்த்து, ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்க, ஊசி குத்தாத கையில் போனைப் பிடித்துக்கொண்டு, எந்தச் சைஸுக்கு எத்தனை லே, எந்தப் பக்கம் கிரெய்ன் (துணியின் இழை ஓட்டம்) என்று படுக்கையிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பார். நர்ஸம்மா திட்டினால் வைத்துவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி எடுப்பார். அப்படியும் நிலைக்கவில்லை. "மாஸ்டர், உங்களை அனுப்ப எங்களுக்கு மனசில்லைங்க. வாரத்துல மூணு நாள் டேபிள் நின்னுட்டா ஷிப்மெண்ட் எப்படிங்க போகும்?" என்று கேட்டுக் கணக்கை முடித்தார்கள்.

இதில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். அவருடைய கைக்கு வழி கண்டார்கள், காலுக்கு வழி கண்டார்கள், தாகத்துக்கும் வழி கண்டார்கள். காலை 7 மணிக்குத்தான் அவர்களால் வழி காண முடியவில்லை. வேலை போனது நோயால் இல்லை, பேட்ச் நேரத்தால்.

மாலை 6 மணிக்கு ஒரு பேட்ச் இருந்தால் பகல் ஷிப்டை முடித்துவிட்டு வருவார். பதினொரு மணிக்கு மேல் வீடு வந்து படுத்தால் அசதி தூக்கத்தோடு போய்விடும். வாரத்தில் மூன்று நாள் அரை ஷிப்ட் போனாலும் போகட்டும், வேலை நிலைக்கும். துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதால் நானும் இப்போது அந்த மூன்று நாளும் லீவு போடுகிறேன். என் சம்பளமும் சேர்ந்து போகிறது.

பிரைவேட்டில் மாலை பேட்ச் இருக்கிறது. ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்கிறார்கள். வாரம் மூன்று தடவை எங்களால் ஆகாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் செய்யலாமே என்று விசாரித்தால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. 72,000 என்றிருந்ததை நீங்கள் உயர்த்தினீர்கள், அதற்கு நன்றி. ஆனாலும் அந்த வரம்பு மாதக் கணக்கில் பத்தாயிரம்தான் ஆகிறது. கட்டிங் மாஸ்டர் ஒழுங்காக வேலைக்குப் போனால் அதைத் தாண்டிவிடுவார். வேலையில் இருந்தால் அட்டை இல்லை. அட்டை வேண்டுமென்றால் வேலை இருக்கக் கூடாது. இது எந்த ஊர் நியாயம்?

எங்கே போனாலும் இதே கதவடைப்புதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்தார்கள். ரத்தம் உறையாத நோய் இருக்கிறது, தலசீமியா இருக்கிறது, சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் சிறுநீரகச் செயலிழப்பு உண்டு. 80 சதவீதச் சம்பளம் இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். அது ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு. காண்ட்ராக்டில் ஆள் எடுத்து, பதிவேட்டில் பெயரே ஏற்றாமல் வேலை வாங்கும் இடங்களை யார் வந்து பார்த்தார்கள்? ஊர் ஊராக வேலைவாய்ப்பு முகாம் போடுகிறார்கள், நல்லதுதான். கையில் தொழிலும் வேலையும் இருந்த ஒருவரை அந்த வேலையிலேயே நிறுத்திவைக்க எந்தத் துறையில் ஆள் இருக்கிறார்கள்? பேச்சு உங்கள் துறைக்கு வெளியே போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் கேட்க வந்தது மாலை பேட்ச்.

உங்கள் துறை எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மருந்துக் கடை வாசலே மிதிக்க முடியாதவர்களுக்கு இலவசமாக டயாலிசிஸ் நடக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், வயிறு வழியாகச் செய்யும் டயாலிசிஸுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. என் வீட்டுக்காரருக்கு முன்பே வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்ததால் ஒத்துவராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து காத்திருக்கிறோம். அது கிடைக்கும்வரை வாடகை கட்ட வேண்டும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். கிடைத்த பிறகும் ஆயுள் முழுக்க மாத்திரை வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்தக் கட்டிங் டேபிள் வேண்டும்.

மாலை பேட்சுக்கு டெக்னீஷியன் வேண்டும், நர்ஸ் வேண்டும், டூட்டி டாக்டர் வேண்டும், ஆர்.ஓ. தண்ணீர் கூடுதலாக ஓட வேண்டும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் மெஷின் இருக்கிறது. நாங்கள் போகிற இடத்தில் சாயங்காலம் துணி போட்டு மூடினால் மறுநாள் காலையில்தான் திறக்கிறார்கள். அவசரப் பிரிவில் ராத்திரி முழுக்க டாக்டர் இருக்கிறார். டயாலிசிஸ் டெக்னாலஜி படித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் குறைந்த கூலிக்குக் காண்ட்ராக்டில் எடுக்காமல் முறையான சம்பளத்தில் எடுங்கள். என் வீட்டுக்காரருக்கு வேலை காக்க இன்னொருவர் வயிற்றில் அடிக்க வேண்டாம்.

ஆகவே பணிவாகக் கேட்கிறேன். ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது ஓர் அரசு மருத்துவமனையிலாவது மாலை 6 மணிக்கு ஒரு பேட்ச் தொடங்குங்கள். பேட்ச் ஒதுக்கும்போது "என்ன வேலை பார்க்கிறீர்கள், எத்தனை மணிக்குப் போக வேண்டும்" என்று ஒரு வார்த்தை கேட்டு, அதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக் காப்பீட்டு வருமான வரம்பைத் தளர்த்துங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாதென்றால் முதலாவதை முதலில் செய்யுங்கள். பழைய கம்பெனியில் இன்னும் நிரந்தரமாக வேறு மாஸ்டர் வரவில்லை. நேரம் மாறினால் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
திருப்பூர்ப் பனியன் தொழிலாளி ஒருவர்