ஷீட் மாஸ்க்: எந்த நாடு என்று பார்க்காதீர்கள், உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கத்தில், முகத்தில் ஒட்டும் ஈரத் துணியான ஷீட் மாஸ்க் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கொரியாவுக்கு முதலிடம், ஜப்பானுக்கு இரண்டாமிடம், தைவானுக்கு மூன்றாமிடம் என்று வரிசை போட்டிருந்தீர்கள். நான் சிங்கப்பூர் தேக்காவில் ஓர் அழகு நிலையத்தில் 19 வருடமாக நூலால் புருவம் திருத்துகிறேன். சனி, ஞாயிறு என்றால் முப்பது நாற்பது முகங்கள் என் கைக்கு வரும். நூல் ஓடும் தூரத்தில் முகத்தைப் பார்க்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரிசையை நம்பி யாரும் கடைக்குப் போக வேண்டாம்.

நான் முதலில் போட்டுப் பார்த்தது தைவான் மாஸ்க்தான். பக்கத்துக் கடையில் வேலை பார்த்த சீனத் தோழி, மை பியூட்டி டைரி என்ற பிராண்டின் கறுப்பு முத்து மாஸ்க் ஒன்றைக் கொடுத்தாள். கண்ணாடி முன்னால் நின்று விரித்தபோது நனைந்த மல் துணி மாதிரி கையில் வழுக்கியது. முகத்தில் ஒட்டியதும் துணிக்கு அடியில் என் புருவம் முடி முடியாகத் தெரிந்தது. அவ்வளவு மெல்லிசு. அதற்குப் பிறகு எத்தனையோ கொரிய மாஸ்க் போட்டுவிட்டேன். முகத்தோடு அப்படிப் படிந்த துணி சிலவற்றில்தான் கிடைத்தது. அந்தத் தைவானுக்கு எப்படி மூன்றாமிடம்?

ஜப்பான் மாஸ்க் என்றால் இங்கே பலரும் வாங்குவது லுலுலுன். ஒரே பைக்குள் ஏழு தாள், பெரிய பை என்றால் முப்பதுக்கு மேல். தினமும் போடுவதற்கென்றே செய்தது. அதனால் தனித்தனி உறை கிடையாது, துணியை நனைத்திருக்கும் எசன்ஸ் என்ற நீரும் அளவாகத்தான் இருக்கும். கொரியாவின் மெடிஹீல் போன்றவை ஒரு தாளுக்கு ஓர் உறை, ஒவ்வொன்றிலும் இருபது மில்லிக்கு மேல் எசன்ஸ். எடுக்கும்போதே முழங்கை வரை வழியும். இது வாரத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை போடுவது. தினச் சோற்றையும் விருந்துச் சாப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது உசத்தி என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? லுலுலுன் வாங்குகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். பைக்குள் விடும் விரல் சுத்தமாக இருக்கட்டும். ஒரு நாள் அழுக்குக் கை பட்டால் மிச்சத் தாள் எல்லாவற்றுக்கும் அது போகும்.

நாட்டுக் கணக்கே சரிவராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பானில் அசாஹி கசேய் என்ற நிறுவனம் பெம்லீஸ் என்று ஒரு துணி செய்கிறது. பஞ்சை எடுத்த பிறகும் பருத்திக்கொட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டைப் பஞ்சுதான் அதற்கு மூலப்பொருள். அது ஜப்பான் மாஸ்க்கில் மட்டும் இருப்பதில்லை, மற்ற நாட்டு மாஸ்க்குகளிலும் இருக்கிறது. கொரியாவிலோ காஸ்மாக்ஸ், கோல்மார் கொரியா என்ற பெரிய தொழிற்சாலைகள் பல பிராண்டுகளுக்குச் சரக்கு செய்து கொடுக்கின்றன. காஸ்மாக்ஸுக்குச் சீனாவிலும் இந்தோனேசியாவிலும்கூட ஆலை உண்டு. துணி ஓர் ஊர், எசன்ஸ் ஓர் ஊர், பெயர் ஓர் ஊர். இதில் கொடியைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது?

துணியைப் பற்றிப் பேசும்போது தேங்காயை விட்டுவிட முடியாது. பயோ செல்லுலோஸ் என்று எழுதிய மாஸ்க்கைப் பார்த்திருப்பீர்கள். கஞ்சிப் பசை போட்ட மாதிரி பளபளப்பாக, இரண்டு பக்கமும் வலை ஒட்டி வரும். இனிப்பில் போட்டுச் சாப்பிடுகிறோமே நாட்டா டி கோக்கோ, அதுவும் இதுவும் ஒரே சாதி. தேங்காய்த் தண்ணீரில் ஒருவகை பாக்டீரியா வளர்ந்து பின்னும் படலம். மூக்கோரம், தாடைக்குக் கீழே என்று எங்கேயும் காற்று புகாமல் ஒட்டுவதில் இதற்கு ஈடு நான் பார்த்ததில்லை. விலை கூடுதல்தான். கல்யாணம், வளைகாப்பு என்று ஒரு நாளைக்கு வேண்டுமானால் இதை வாங்கச் சொல்வேன்.

அப்புறம் உறையின் பின்பக்கம். கட்டுரையில் விட்டுப்போனதும், எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். பொருள்களின் பெயரை எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில் அச்சடித்திருப்பார்கள். எந்த நாட்டு மாஸ்க்காக இருந்தாலும் முதலில் தண்ணீர், அடுத்து பெரும்பாலும் கிளிசரின், பியூட்டிலீன் கிளைக்கால். இவைதான் தோலில் ஈரத்தைப் பிடித்து வைப்பவை, மாஸ்க் செய்யும் வேலையில் பெரும்பகுதி இவற்றுடையது. அந்தப் பட்டியலில் பினாக்சிஎத்தனால் என்ற பெயரைத் தேடுங்கள். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது, ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கக்கூடாது. அப்படியானால் அதற்குப் பின்னால் எழுதியிருப்பது எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. முன்பக்கத்தில் முத்து, தங்கம், நத்தை என்று பெரிய படம் இருக்கும். பின்பக்கத்தில் அது பினாக்சிஎத்தனாலுக்கும் கீழே நிற்கும். குறைந்த அளவிலேயே வேலை செய்கிற பொருள்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் படத்துக்காக நாலு வெள்ளி (டாலர்) கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

சென்டெல்லா ஏசியாட்டிகா என்று ஒரு பெயரைப் பார்த்தால் தயங்க வேண்டாம். கொரியாக்காரர்கள் சிக்கா என்று கொண்டாடும் அது நம் வல்லாரைதான். தேக்கா சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அதே கீரை. எரிச்சல்படும் தோலுக்கு நறுமணம் சேர்க்காத சிக்கா மாஸ்க்கைத்தான் நான் முதலில் எடுத்துக் கொடுப்பேன்.

இனி நிறம். 'ஒயிட்டனிங்' என்று போட்டதைக் காட்டி, "அக்கா, இதைப் போட்டால் வெளுப்பேனா?" என்று பதினாறு வயதுப் பெண்கள் கேட்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. அதில் பெரும்பாலும் இருப்பது நியாசினமைடு என்ற பி3 வைட்டமின். கொரியாவில் இரண்டிலிருந்து ஐந்து சதவீதம் சேர்த்தால் இந்த வகையில் விற்க அனுமதி உண்டு. வெயிலில் விழுந்த திட்டு, பரு வந்துபோன கறை இவை கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். பிறந்த நிறம் மாறாது, மாற வேண்டிய அவசியமும் இல்லை. ஜப்பானின் காவோ நிறுவனமே 2021இல் 'ஒயிட்டனிங்' என்ற சொல்லைத் தன் பொருள்களிலிருந்து எடுத்துவிடுவதாக அறிவித்தது. நம் பத்திரிகைக் கட்டுரையில் 'சிவப்பழகு தரும்' என்ற வரி இருந்திருக்க வேண்டாம்.

நம் பெண்களுக்கென்று இன்னும் சில விஷயம் இருக்கிறது. புருவமோ மேலுதடோ நூல் போட்ட அன்று மாஸ்க் போடாதீர்கள். முடியை வேரோடு பிடுங்கிய இடம், மணமும் ஆல்கஹாலும் பட்டால் தீயாக எரியும், ஒரு நாள் விட்டுப் போடுங்கள். மூக்குத்தி போட்டவர்கள் அந்த இடத்தில் துணியைச் சின்னக் கத்தரியால் வெட்டிவிட்டு ஒட்டுங்கள். புதிதாகக் குத்திய மூக்கு என்றால் புண் ஆறும்வரை மாஸ்க்கே வேண்டாம், எசன்ஸ் உள்ளே இறங்கிச் சீழ் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். பதினைந்து, இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். ஏர்கான் அறையில் போட்டுக்கொண்டே தூங்கினால் துணி காயும், காய்ந்த துணி தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுக்கும். உறையில் மிஞ்சியதைக் கழுத்துக்கும் முழங்கைக்கும் தேய்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நீளமாக எழுத ஒரு காரணம் உண்டு. இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் மகளை அழைத்து வந்தார். கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பெண்ணின் இரண்டு கன்னத்திலும் மாஸ்க்கின் ஓரம் பட்ட இடம் கோடு போட்ட மாதிரி சிவந்து தடித்திருந்தது. இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று அம்மாதான் இருபது மாஸ்க் வாங்கிக் கொடுத்திருக்கிறார். உறையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஓர் ஆங்கில எழுத்துகூட இல்லை, இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை. இங்கே விற்கும் அழகுப் பொருள் எதுவானாலும் சுகாதார அறிவியல் ஆணையத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும், உறையில் ஆங்கிலத்தில் விவரம் இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு அது தெரியாது. "கொரியா என்று சொன்னார்கள், அதனால் நல்லதாக இருக்கும் என்று நினைத்தேன்" என்று சொல்லிவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அன்றைக்கு நூலைத் தொடாமல் நேராகத் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். கல்யாணத்தன்று சிவப்பு அடங்கிவிட்டது. ஆனால் அந்த ஒன்பது நாளும் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்த நாடு முதலிடம் என்று எழுதுவதற்குப் பதிலாக, ஓர் உறையின் பின்பக்கத்தை அப்படியே பெரிதாகப் படம் போடுங்கள். கிளிசரின், நியாசினமைடு, பினாக்சிஎத்தனால், நறுமணம், ஆல்கஹால் என்று ஆங்கிலத்தில் இருப்பதை அம்பு போட்டுத் தமிழில் எழுதுங்கள். எது ஈரம் பிடிக்கும், எது எரிச்சல் தரலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளும் அளவில் இருக்கட்டும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த எத்தனையோ அம்மாக்கள் எங்கள் கடைக்கு வருகிறார்கள். அது வெளியாகும் நாளில் பத்துப் பத்திரிகை வாங்கி, ஒன்றை என் நாற்காலிக்கு எதிரே இருக்கும் கண்ணாடியில் ஒட்டி, மீதியை வருகிறவர்களுக்கு நானே கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தேக்காவில் புருவம் திருத்தும் வாசகி,
ஈசூன்