மெடலின் விளிம்பைப் பார்

அன்புள்ள சந்திரனுக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோயம்புத்தூரிலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். என் முழங்காலை விசாரித்திருந்தாய். மாடிப்படியைக் கண்டால் மட்டும்தான் அது சண்டைக்கு வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் இராக்கின் பஸ்ரா பக்கம் போனார், திரும்பி வரவில்லை, அதற்கு மேல் ஒன்றும் தெரியாது, எங்கே தொடங்குவது என்று கேட்டாய். பெயரிலிருந்து தொடங்காதே. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? பட்டாளத்துக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய முனுசாமிகளில் உங்கள் முனுசாமி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்? ஆளைப் பிரித்துக் காட்டுவது பட்டாளத்து நம்பர்தான்.

எங்கள் தாத்தா விஷயத்தில் அது மெடலின் விளிம்பில் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் வார் மெடல், பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதில் வெள்ளி இல்லை. இருந்திருந்தால் எந்தக் கல்யாணத்திலோ கொலுசாகியிருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பார்த்தால் விளிம்பைச் சுற்றி நம்பர், ரேங்க், பெயர், கடைசியில் மெட்ராஸ் சாப்பர்ஸ் (பட்டாளத்தின் பொறியியல் படை) என்று பொடி எழுத்து. புளி போட்டுத் தேய்த்துவிடாதே, எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

அந்த நம்பரோடு, பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் சேர்த்துப் பார்த்ததில், அவர் 11வது ஃபீல்டு பார்க் கம்பெனியில் இருந்தது தெரிந்தது. கம்பெனி தெரிந்த பிறகு வழி திறந்துவிட்டது. அது 4வது இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. அந்த டிவிஷன் 1943இல் துனீசியாவில் இருந்தது. 1944 பிப்ரவரியில் இத்தாலியின் கசினோவில். யூனிட்டுகள் அன்றாடம் எழுதிய போர் டைரிகள் லண்டன் பக்கம் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் உண்டு. அவற்றில் அதிகாரிகளின் பெயர் வரும், சாதாரண சாப்பரின் பெயரைத் தேடினால் ஏமாந்துதான் போவாய். ஆனாலும் கம்பெனி எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும், அதுவே பெரிய விஷயம்.

எங்கள் சித்தப்பாவுக்குத் தாத்தா என்றால் இளக்காரம்தான். "ஸ்டோரில் ஆணி எண்ணிக்கிட்டு இருந்தாரு" என்பார். ஃபீல்டு பார்க் கம்பெனியின் வேலை தளவாடம், பட்டறை, பாலத்துச் சாமான் என்பதால் அப்படியொரு பேச்சு. அதே 11வது கம்பெனியில்தான் சுபேதார் சுப்பிரமணியன் இருந்தார், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும்போது, கூட இருந்தவர்களைக் காப்பாற்ற வெடிக்கப்போகும் கண்ணியின் மேல் விழுந்து இறந்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருது கொடுத்தார்கள். இதைச் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

உன் தேடல் என்னுடையதைவிடக் கஷ்டம், அது முதல் உலகப் போர். பிரிட்டிஷ் வார் மெடல் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று அத்தையிடம் கேள். வெள்ளியென்றால் படையில் இருந்தவர். வெண்கலமென்றால் லேபர் கோர் போன்ற கூலிப்படையில் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதிலும் விளிம்பைப் பார். இறந்தவர் குடும்பத்துக்கு வட்டமான வெண்கலத் தட்டு ஒன்றும் அனுப்பினார்கள், சிங்கமும், பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியாவும் இருக்கும், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. பாத்திரங்களோடு பாத்திரமாகக் கிடந்தாலும் கிடக்கும். அதில் பெயர் மட்டும்தான். ரேங்கும் இல்லை, நம்பரும் இல்லை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்திலும் தேடு, காசு கேட்க மாட்டார்கள். சில பதிவுகளில் அப்பா பெயரும் ஊரும்கூட இருக்கும். இங்கிலீஷில் ஊர்ப்பெயரை எத்தனை விதமாகச் சிதைக்க முடியுமோ அத்தனையும் போட்டுப் பார். ஆனால் 1929இல் திறந்த பஸ்ரா நினைவுச் சின்னத்தின் படத்தில் அவர் பெயர் தெரிகிறதா என்று தேட வேண்டாம். அந்தச் சுவரில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் உண்டு. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தார்கள், இந்தியச் சிப்பாயை எண்ணிக்கையில் அடக்கிவிட்டார்கள். 2021இல்தான் ஆணையம் இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டது. நம் வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்லும் அப்படித்தானே? இங்கிருந்து 277 பேர் பெரும் போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்று இருக்கிறது. அந்தப் பதினாலு பேர் யார் என்று கல்லில் இல்லை. எத்தனை நாள் அதன் கீழே நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்திருப்போம், ஒரு நாளாவது நிமிர்ந்து படித்தோமா?

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது, அதனால் ஆவணங்களுக்கு முன்னால் அவரிடம் உட்கார். பென்ஷன் யாருக்கு வந்தது, மணியார்டர் எந்த ஊர் தபாலாபீஸுக்கு வந்தது என்று கேள். வீரக்கதைகளைவிட பண விவரம்தான் குடும்பங்களுக்கு ஞாபகம் இருக்கும். விளிம்பின் படத்தை எனக்கு அனுப்பு, எழுத்து புரியாவிட்டால் சேர்ந்து பார்க்கலாம். பொங்கலுக்கு நாங்கள் ஊரில்தான் இருப்போம், தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
ரவி