பழைய பிக்-அப்பைத் தூக்குவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்-அப் வாங்குவோருக்கான யோசனைகள் வெளிவந்திருந்தன. இன்ஜின், கியர்பாக்ஸ் பற்றிச் சொன்னதில் குறையில்லை. ‘முன்பக்கத்தை இரண்டு இன்ச் தூக்கிக்கொண்டால் எந்தப் பாதைக்கும் போகலாம்’ என்ற அந்த ஒரு வரிதான் இடிக்கிறது. (தூக்குவது என்றால் வண்டி நிற்கும் உயரத்தைக் கூட்டுவது.) பெங்களூரில் குடியிருந்துகொண்டு தளி, அஞ்செட்டி பக்கம் நிலம் பார்ப்பவர்கள், காய்கறி லோடு அடிப்பவர்கள் என்று பழைய பிக்-அப் வைத்திருக்கும் தமிழர்கள் இங்கே நிறையப் பேர். அவர்கள் அந்த வரியைக் காட்டி வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். டயரும், சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் மூட்டான சிவி ஜாயின்ட்டும் அதற்குப் பின்னால் மெதுவாக முடியும்.

வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்துப் பார்த்தால் முன் சஸ்பென்ஷன் எந்த வகை என்று தெரிந்துவிடும். சக்கரத்தைத் தாங்கும் முன் ஆர்மிலிருந்து, அடிச்சட்டமான சேஸிஸை ஒட்டி, கேபினுக்கு அடிவரை நீளமான உருண்டைக் கம்பி ஒன்று ஓடினால் அது டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி. முன் ஆக்ஸிலோடு பட்டை அடுக்கு இருந்தால் லீஃப் ஸ்பிரிங். 2016இல் இங்கே வந்த இஸுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் போன்றவற்றில் காயில் ஸ்பிரிங். ஃபோர் வீல் வண்டியில் முன் டிரைவ் ஷாஃப்ட் ஆர்ம்களுக்கு நடுவே போவதால் காயிலுக்கு இடம் தட்டும். கம்பியை நீளவாக்கில் கிடத்திவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. டார்ஷன் பார் பல வண்டிகளில் இடம்பிடித்தது இதனால்தான். ‘தூக்குவது’ எளிதாக நடப்பதும் இந்த வகையில்தான் என்பதால் அதைப் பற்றியே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாரின் ஒரு முனை ஆர்மில் பூட்டியிருக்கும். மறுமுனை, ஆங்கர் ஆர்ம் வழியாக ஒரே ஒரு அட்ஜஸ்டிங் போல்ட்டில் நிற்கும். அந்தப் போல்ட்டை இறுக்கினால் வண்டி உயரும், ஆனால் பாரின் விறைப்பு கடுகளவும் கூடாது. விறைப்பு என்பது கம்பியின் தடிமன், நீளம், உலோகம் சம்பந்தப்பட்டது. பிறகு ஏன் தூக்கிய வண்டி கட்டை வண்டி போல் குலுக்குகிறது? ஒரு கணக்கு பார்ப்போம். சக்கரம் நிற்கும் நிலையிலிருந்து கீழே இறங்க 70 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இன்ச், அதாவது 50 மி.மீ. தூக்கினால் மிச்சம் 20 மி.மீ. ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் அந்த இருபதைத் தாண்டி இறங்கப் பார்க்கும். ஆர்ம் போய், கீழ் எல்லைத் தடுப்பான ரீபவுண்ட் ஸ்டாப்பில் ‘டக்’ என்று மோதும். ஸ்பிரிங் ஸ்ட்ராங் ஆகிவிட்டது என்று ஓட்டுநர் நினைத்துக்கொள்வது இந்த மோதலைத்தான்.

சேதம் அதோடு நிற்பதில்லை. ஷாஃப்ட்டின் கோணம் கூடுவதால் சிவி ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறையின் (பூட்) மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். கிரீஸ் வெளியே, மண் உள்ளே. கொஞ்ச நாளில் வளைவில் ‘டிக் டிக்’ சத்தம். ஃப்ரீ வீலிங் ஹப் (முன் சக்கரத்தை ஷாஃப்ட்டிலிருந்து பிரித்துவிடும் அமைப்பு) இல்லாத வண்டியில் டூ வீலில் ஓடும்போதும் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், ஆகவே தேய்மானத்துக்கு ஓய்வே கிடையாது. எனவே போல்ட்டை மட்டும் வைத்துத் தூக்குவதாக இருந்தால் சக்கரத்தில் 25 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் வேண்டுமென்றால் முன் டிஃபரென்ஷியலையும் ஸ்பேசர் வைத்து இறக்க வேண்டும், மேல் ஆர்மையும் மாற்ற வேண்டும். அது வேறு பட்ஜெட்.

பதினைந்து ஆண்டு ஓடிய வண்டியில் பணம் முதலில் போக வேண்டிய இடம் ரப்பரும் ஜாயின்ட்டும். மேல் ஆர்முக்கு நான்கு, கீழ் ஆர்முக்கு நான்கு என்று எட்டு புஷ்கள் (மூட்டுகளில் அமரும் ரப்பர் உருளைகள்), நான்கு பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் குமிழ் மூட்டு), வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாருக்கு இரண்டு சேஸிஸ் புஷ், இரண்டு லிங்க், மேல் எல்லைத் தடுப்பான பம்ப் ஸ்டாப், ரீபவுண்ட் ஸ்டாப் இரண்டிரண்டு, புது ஸ்ப்லிட் பின்கள்: பெரும்பாலான வண்டிகளுக்குப் பட்டியல் இவ்வளவுதான். ஜே.சி. ரோட்டில் வாங்கும்போது பழைய புஷ்ஷைக் கையோடு கொண்டுபோய் வெளிவிட்டம், உள்விட்டம், நீளம் மூன்றையும் வெர்னியரில் ஒப்பிடுங்கள். அட்டைப்பெட்டியில் அச்சடித்த பெயரை மட்டும் நம்பக் கூடாது. சிவாஜிநகர் குஜிரியில் (பழைய பொருள் சந்தை) கிடைக்கும் பழைய ஆர்மை, வளைவும் விரிசலும் இல்லையென்றால் வாங்கலாம். பழைய பால் ஜாயின்ட், எண்ணெய் நிரப்பி ‘ரீகண்டிஷன்’ செய்த ஷாக் அப்சார்பர் இரண்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

பால் ஜாயின்ட்டில் ஆட்டம் பார்ப்பதிலேயே பலர் தவறுகிறார்கள். பார் கீழ் ஆர்மில் பூட்டிய வண்டி என்றால் ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில் கொடுக்க வேண்டும். சேஸிஸில் கொடுத்துத் தூக்கினால் பாரின் அழுத்தமே ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்திருக்கும், தேய்ந்ததும் நல்லது போலத் தெரியும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் மறைந்தால் குறை வீல் பேரிங்கில், மறையாவிட்டால் பால் ஜாயின்ட்டில். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் ஸ்டீயரிங் இணைப்பான டை ராட் எண்டின் குறை தெரியும்.

பாரைக் கழற்றும் வேலைதான் ஆபத்தானது. வண்டியை சேஸிஸில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி, சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில்தான் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். அதற்கு முன் போல்ட்டின் மரை எத்தனை மி.மீ. வெளியே நீட்டியிருக்கிறது என்று இரு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பார், ஆங்கர், ஆர்ம் மூன்றிலும் பெயின்ட்டால் நேர்க்குறி போடுங்கள். பார் முனையின் பல்வரிசையான ஸ்ப்லைன் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் உயரம் கணக்கில் வராது. இடது பாரை வலதில் போடவே கூடாது. ஒவ்வொன்றும் ஒரே திசை முறுக்குக்காகத் தயாரிக்கப்பட்டது, முனையில் அடையாளம் இருக்கும். பாரின் மேல் பைப் ரெஞ்ச் போட்டுத் திருப்புவது, வெல்டிங் வைப்பது இரண்டும் பாரைக் கொல்லும் வேலை. மேலே விழும் சின்னக் கீறலும் பின்னாளில் அங்கேயே முறிய வழி வைக்கும். போல்ட் மரைக்கு கிரீஸ் தடவிக் கையால் திருகுங்கள். துருப்பிடித்த மரையில் இம்பாக்ட் கன் வைத்தால் மரை கடித்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு போல்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

புஷ்களை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் எடுத்துப் போட வேண்டும். கேஸ் வைத்து எரித்து எடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ரப்பரோடு ஆர்மும் சூடாகிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எல்லாம் பூட்டிய பிறகு ஆர்ம் போல்ட்களை விரலிறுக்கத்தில் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் இயல்பான உயரத்தில் நிற்கும்போதுதான் முழு டார்க்கில் (குறித்த முறுக்கு அளவில்) இறுக்க வேண்டும். புது புஷ் சீக்கிரமே கிழிவதற்கு முக்கியக் காரணம் இதைச் செய்யாததுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும், தரையில் நிற்கும் நேரமெல்லாம் முறுக்கிக்கொண்டே இருக்கும். பாலியூரித்தேன் புஷ் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். ஸ்டெபிலைசர் பாருக்குப் போடுங்கள், நல்ல பலன் தரும். ஆர்முக்கு ரப்பரே போதும். பாலியூரித்தேன் அங்கே அதிர்வைக் கேபினுக்குள் கடத்தும், கிரீஸ் வற்றினால் கீச்சிடும்.

தடிமன் கூடிய பார் தேவையா என்பது முன்பக்க எடையைப் பொறுத்தது. விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். அதே நீளத்தில் 22 மி.மீ. பாருக்குப் பதில் 23 போட்டால் சுமார் 19 சதவீதம் அதிகம். 24 போட்டால் சுமார் 42 சதவீதம். வின்ச்சோ (வண்டியை இழுக்கும் கருவி) கூடுதல் பேட்டரியோ இல்லாத வண்டிக்கு 24 போடுவது முதுகெலும்புக்குச் செய்யும் துரோகம். பம்பருக்கு முன்னால் மாட்டும் கனமான இரும்பு புல் பாருக்காக என்றால், அது சட்டத்துக்கு முரண் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அதைக் கழற்றினாலே முன்பக்கம் சற்று நிமிரும்.

ஷாக் வாங்கும்போது விரிந்த நீளம், சுருங்கிய நீளம் இரண்டையும் பாருங்கள். விரிந்த நீளம் குறைவாக இருந்தால் ரீபவுண்ட் ஸ்டாப்புக்கு முன்னால் ஷாக்கே சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும், மவுன்ட் பிய்யும். சுருங்கிய நீளம் அதிகமானால் பம்ப் ஸ்டாப் தொடுமுன் ஷாக் அடிபடும். ட்வின் டியூப் வகையைப் பூட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுக்க இழுத்து அமுக்கினால் உள்ளே தங்கிய காற்று வெளியேறும்.

உயரத்தை அளக்க சமதரை, எப்போதும் ஏற்றும் லோடு, சரியான டயர் காற்று வேண்டும். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளங்கள். போல்ட்டைத் திருகும்போது சக்கரம் தூக்கியிருக்கட்டும், இறக்கியதும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளவெடுங்கள். ஒரு பக்கம் திருகினால் மறுபக்க உயரமும் கொஞ்சம் மாறும் என்பதால் இரண்டு மூன்று சுற்று வரும். இடது வலது வித்தியாசம் 5 மி.மீ.க்குள் வந்தால் போதும். 100 கி.மீ. ஓட்டி, மறுபடி அளந்த பிறகே அலைன்மென்ட். டோ (சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்துப் பணம் வாங்கும் கடைக்குப் போகாதீர்கள். தூக்கிய வண்டியில் கேம்பரும் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) காஸ்டரும் (ஸ்டீயரிங் அச்சு முன்பின் சாயும் கோணம்) நகர்ந்திருக்கும். மேல் ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள மெல்லிய தகடுகளான ஷிம்களில்தான் அவற்றைச் சரிசெய்யும் அமைப்பு பல வண்டிகளில் உண்டு, ஆகவே கழற்றும்போதே எந்த போல்ட்டில் எத்தனை ஷிம் என்று குறித்து வைக்க வேண்டும். வளைவு முடிந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பவில்லை என்றால் முதலில் காஸ்டரைச் சந்தேகியுங்கள்.

லீஃப் வண்டிக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. ஸ்பிரிங்கை சேஸிஸோடு இணைக்கும் அசையும் துண்டான ஷாக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருந்தால், நீள ஷாக்கிள் போட்டுத் தூக்கும்போது காஸ்டர் குறைந்து வண்டி நேர்ச்சாலையில் அலையும். தொய்ந்த பட்டைக்கு மேல் ஒரு பட்டை சொருகுவதைவிட முழு அடுக்கையும் புதிதாகப் போடுவது மேல். யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். புதிதையும் சில நூறு கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

முன்னே தூக்கியதற்கு ஈடாகப் பின்னேயும் ஷாக்கிள் மாற்றுகிறவர்கள் பின் ஆக்ஸில் பக்கம் உள்ள எல்எஸ்பிவி வால்வை (லோடுக்கு ஏற்பப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றுவது) மறந்துவிடுகிறார்கள். பின்பக்கம் உயர்ந்தால் லோடு இல்லை என்று அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். லோடோடு மலையிறங்கும்போது இதன் விலை தெரியும்.

சட்டமும் இருக்கிறது. உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது. தேய்ந்த புஷ்ஷுக்கும் ஷாக்குக்கும் அதே அளவில் புதிது போடுவது பராமரிப்பு. இதில் அந்தப் பயம் இல்லை.

நகருக்குள் வண்டியைத் தூக்கத் தூண்டுவது பாதி நம் ஊர் ஹம்ப்கள்தான் (வேகத்தடைகள்). இந்திய சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி ஹம்ப் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். நம் குறுக்குத் தெருக்களில் இருப்பவை அகலத்தைச் சுருக்கி உயரத்தைக் கூட்டியவை. அதற்கு வண்டியில் வைத்தியம் பார்க்க முடியாது, மாநகராட்சியைத்தான் கேட்க வேண்டும்.

அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், இரண்டு இன்ச் என்பதை எடுத்துவிட்டு 25 மி.மீ. என்று போடுங்கள். பக்கத்திலேயே, புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் பார்த்த பிறகு என்ற ஐந்து சொல்லையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு.