அது ரத்தம் இல்லை, மாதுளைச் சாறு

அன்பு மகளுக்கு,

நியூயார்க் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில், யூனிகார்ன் என்ற ஒற்றைக் கொம்புக் கற்பனை விலங்கை நெய்த பழைய சுவர்த் திரைகளை நீ எடுத்த படங்கள் வந்தன. ஒரு திரையில் வேலிக்குள் படுத்திருக்கும் யூனிகார்னைப் பார்த்து, "பாவம்ப்பா, உடம்பெல்லாம் ரத்தம்" என்று எழுதியிருந்தாய். நன்றாகப் பார் கண்ணு. தலைக்கு மேலே மாதுளைப் பழங்கள் வெடித்து நிற்கின்றன. அந்தச் சாறுதான் வெள்ளை உடம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. அந்தக் கால ஐரோப்பாவில் மாதுளை என்றால் பிள்ளைப்பேறு, வம்ச விருத்தி. சங்கிலி மரத்தோடு பிணைத்ததுதான், ஆனால் இறுக்கமாக இல்லை. வேலியோ ஒரே தாவலில் தாண்டிவிடும் உயரம். போக நினைத்தால் போகலாம், அது போகவில்லை. அன்புக்குக் கட்டுப்பட்ட மணவாளன் என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

மற்ற திரைகளில் நடப்பது அசல் மான் வேட்டை. நாய்களோடு புறப்படுவது, வளைப்பது, கொல்வது, கோட்டைக்குக் கொண்டுபோவது என்று பிரபுக்கள் கலைமானை வேட்டையாடிய முறை அப்படியே இருக்கிறது. மானின் இடத்தில் யூனிகார்ன், அவ்வளவுதான். ஓடையில் கொம்பை நனைத்து அது விஷத்தை முறிக்கும் காட்சியைப் பார்த்தாயா? பக்கத்திலேயே சேஜ் என்ற மூலிகை, சாமந்தி மாதிரியான ஒரு பூ, ஆரஞ்சு மரம். மூன்றும் அன்று விஷமுறிவுக்குப் பயன்பட்டவை. அழகுக்காக மட்டும் வைத்த செடிகள் இல்லை. செத்த யூனிகார்னின் கழுத்தில் முள்கொடி சுற்றியிருப்பதைப் பார்த்ததும், அன்றைய கிறிஸ்தவருக்கு இயேசுவின் முள்முடி நினைவுக்கு வந்திருக்கும். வேட்டை, பக்தி, கல்யாணம் மூன்றையும் ஒரே விலங்கின் மேல் ஏற்றியிருக்கிறார்கள். இதில் ஏதோ ஒன்றுதான் சரி என்று ஆய்வாளர்கள் அடித்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

தறியில் உட்கார்ந்தவன் என்பதால் நெசவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1500ஐ ஒட்டி, இன்றைய பெல்ஜியம் பக்கம் நெய்தவை இவை. கம்பளி, பட்டு, நம் ஜரிகை போலவே வெள்ளியும் பொன்முலாமும் சுற்றிய இழை. ஊடை இழையைக் கொண்டுபோகும் நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடாது. ஒவ்வொரு நிறமும் தன் இடத்துக்குள்ளேயே போய்த் திரும்பும். நெய்பவன் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் நெய்வான். பச்சைக்குத் தனிச் சாயம் கிடையாது, நீலத்தின் மேல் மஞ்சள். மஞ்சள் சீக்கிரம் வெளுத்துவிடும், அதனால்தான் பழைய திரைகளில் இலைகள் நீலம் தட்டித் தெரிகின்றன. 1998இல் சுத்தம் செய்யப் பின்துணியைப் பிரித்தபோது, வெளிச்சம் படாத பின்பக்கத்தில் நிறங்கள் பளிச்சென்று இருந்தனவாம். அதை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அடுத்த முறை போனால், யூனிகார்ன் நாயைக் குத்தும் திரையில் கொம்பு ஊதுபவனைத் தேடு. அவன் வாளுறையில் இயேசுவின் தாய் மரியாளை வாழ்த்தும் லத்தீன் எழுத்துகள் இருக்கும். கொம்பு ஊதி வேட்டைக்கு வந்தவன், மரியாளை வாழ்த்திச் செய்தி சொன்ன கபிரியேல் தூதன் என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த இடத்தை மட்டும் கிட்டப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பு, எழுத்து எப்படி நெய்திருக்கிறார்கள் என்று நான் பார்க்க வேண்டும்.

அப்புறம், அம்மா அனுப்பிய பொடி வந்து சேர்ந்ததா?

அன்புடன்,
அப்பா