ஓட்டுக் கேட்டு வந்த சால்வை

ஈரோடு

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டு மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட்ட பிறகுதான் உட்கார நேரம் கிடைத்தது. சின்னவளுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "உங்க சர்ச்சுல யாருக்கு ஓட்டுப் போடச் சொல்றாங்க?" என்று கேட்டிருந்தாய். போன தேர்தலில் ஒரு வேட்பாளர் ஆராதனை முடிகிற நேரம் பார்த்து ஆயருக்குச் சால்வையோடு வந்தார். பீடத்தருகே நின்று இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். கமிட்டியில் பாதிப்பேர் சரி என்றார்கள். நான் கூடாது என்று சண்டை போட்டேன். மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படியே முறைகேடு. ஓட்டுப் போடுகிறவரின் மதத்தைச் சொன்னாலும் அப்படித்தான் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. ஆனால் எனக்கு அது மட்டும் காரணமில்லை. 1949இல் அரசியல் நிர்ணய சபையில் கிறிஸ்தவர்களுக்குச் சட்டமன்ற ஒதுக்கீட்டு இடங்கள் வேண்டாம் என்று எங்கள் ஆட்களான எச்.சி. முகர்ஜியும் பாதிரியார் ஜெரோம் டிசோசாவும் நின்றார்களே, பக்கத்து வீட்டுக்காரரை நம்பி எடுத்த முடிவு அது. அவர்கள் வழி வந்த நாங்கள் ஒரு சால்வைக்காக மொத்த ஓட்டாகக் கைமாறுவதா?

அதற்காக விசுவாசத்தை வீட்டில் வைத்துவிட்டு அரசியல் பேசு என்றால் என்னால் ஆகாது. எங்கள் சபையில் ஒரு பையன். ஞாயிறு தவறாமல் வருவான், சான்றிதழிலோ இந்து. கிறிஸ்தவன் என்று எழுதினால் எஸ்.சி. இடஒதுக்கீடு போய்விடும், வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும். எஸ்.சி. என்றால் இந்துவாக இருக்க வேண்டும் என்று 1950இல் வந்த ஆணை அது. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்தார்கள். இவனுக்கு இன்னும் வழியில்லை. கிறிஸ்தவர்களையும் சேர்க்கச் சொல்லி நம் சட்டமன்றம் 2023இல் தீர்மானம் போட்டும் டெல்லி அசையவில்லை. ஞானஸ்நானம் வாங்கினால் ஊரில் தனிக்குவளை மாறிவிடுமா, சொல். சபை பேச வேண்டிய அரசியல் இதுதான்.

அதைக் கேட்க எங்களுக்கு வாயிருக்கிறதா என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. பெண் பார்க்கும்போது சாதி கேட்காத சர்ச் குடும்பங்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். கமிட்டியில் இதையும் எடுத்தேன். யாரும் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுப்பேன்.

பெரிய மாரியம்மன் பண்டிகைக்கு வருவாய்தானே? தங்கச்சியையும் கூட்டி வா. நம் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். அப்புறம், அந்தப் பையனுக்கு உன் மில்லில் ஏதாவது வேலை இருக்குமா என்று விசாரித்துச் சொல்.

அன்புடன்,
உன் பங்காளி