பாசிச் சீட்டின் பின்னால் ஐந்து பெயர்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்காள்மடத்திலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கொடுத்துவிட்டுப் போன சீட்டு என் முன்னால் இருக்கிறது. ஒரு பக்கம் கடல்பாசி வியாபாரி எழுதிய எடைக்கணக்கு. மறுபக்கம் உன் கையெழுத்தில், புனைபெயருக்காக நீ யோசித்த ஐந்து பெயர்கள். உப்புத்தண்ணீர் பட்டு ஒரு பெயரில் இரண்டு எழுத்து கரைந்துபோயிருக்கிறது. "இதில் எதை வைத்துக்கொள்ளட்டும், சீக்கிரம் சொல்லுங்கக்கா, இந்த வாரமே நெட்டில் போடணும்" என்றாய். பெயரை மட்டும் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். சீட்டோடு நீ எழுதியதையும் படிக்கக் கொடுத்தாய். அதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

இதைப் பலரும் படிக்கும்படி எழுதுகிறேன். இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கரையில் இன்னும் சில பெண்பிள்ளைகள் இருப்பார்கள். உன் பெயரை எங்கேயும் எழுதவில்லை. உன்னைப் பற்றிய விவரங்களில் சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். எதையெல்லாம் என்று உனக்குத் தெரியும்.

முதலில் உன் எழுத்தைப் பற்றி. விரல்களில் பழந்துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, சேலைமேல் ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டி, பாசி எடுக்க அம்மா கடலில் முங்குவதை எழுதியிருக்கிறாய். சாயங்காலம் அந்தத் துணியை அவிழ்க்கும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, பவளப்பார் கிழித்த கீறல்கள் உதடு பிரிந்தமாதிரி இருந்ததையும், அந்தக் கையாலேயே அம்மா உனக்குச் சோறு பிசைந்து கொடுத்ததையும் எழுதியிருக்கிறாய். நான் இருபது வருடமாக எழுதுகிறேன். அந்த வரி என்னிடமிருந்து வந்திருக்காது. நீ எழுதத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.

புனைபெயர் எதற்கு என்று கேட்டதற்கு நீ சொன்னது, "அண்ணனுக்குத் தெரியக்கூடாது. மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அவர்களுக்கும் தெரியக்கூடாது. அப்புறம் அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது." மூன்றும் நியாயமான பயம். முதல் இரண்டுக்கும் புனைபெயர் உதவும். துவரங்குறிச்சியில் ராஜாத்தி என்று அழைக்கப்பட்ட பெண், வீட்டைவிட்டு வெளியே வரமுடியாமல் இருந்த வருடங்களில் சல்மா என்ற பெயரில்தான் மறைவாக எழுதினார். அந்தப் பெயர் இல்லையென்றால் அந்தக் கவிதைகள் நமக்குக் கிடைத்திருக்காது. அதனால் ஒளிந்து எழுதுவது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

மூன்றாவது பயத்துக்குப் புனைபெயரால் ஒரு உபயோகமும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் கதையைச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் தொண்டிப் பக்கம் ஒரு ஊரில் இருந்தோம். அங்கேதான் எழுத ஆரம்பித்தேன். நிலாவும் கடலும் சேர்ந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். புருஷன் வெளிநாடு போய் நாலு வருடம் காசும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் மாசாமாசம் பணம் வருகிறது என்று சொல்லிக்கொண்டு, ராத்திரியில் வலை முடைந்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். அதை என்னிடம் மட்டும் ஒருநாள் சொல்லி அழுதார். நான் கதையாக எழுதினேன். அவர் பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், இரண்டு பிள்ளைகளை மூன்றாக்கினேன். அவர் வாசலில் கவிழ்த்துப்போட்டிருந்த, வாய் உடைந்த உரலை மட்டும் மாற்றவில்லை. கதையில் அந்த அம்மா அதன்மேல் உட்கார்ந்துதான் தபால்காரருக்காகக் காத்திருப்பாள். எழுதும்போது அந்த உரல்தான் எனக்கு அழகாகப் பட்டது.

கதை ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. பால்கடைக்கு அந்தப் பத்திரிகை வரும். நாலே நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எழுதியது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. யாரைப் பற்றி எழுதியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த அக்கா என்னிடம் வந்து சண்டைகூடப் போடவில்லை. ஆள் யாரென்று அவர் ஒருத்திக்குத் தெரியும், நான் ஒருத்தியிடம்தானே சொல்லியிருந்தார். மறுவாரம் அந்த வாசலைக் கடந்து போனபோது உரல் இல்லை. அது கிடந்த இடத்தில் மண் வட்டமாக, ஈரமாக இருந்தது.

அந்தப் பெயரில் அதற்கப்புறம் நான் எழுதவில்லை.

இப்போது உன் கட்டுரைக்கு வா. படகின் நிறம் இருக்கிறது. அதில் போகிற பெண்களின் எண்ணிக்கை இருக்கிறது. எந்தத் தீவு என்று இருக்கிறது. அந்தப் படகில் வரும் பெரியம்மாவின் கையில் ஒரு விரல் கிடையாது என்று இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா. அதன் எல்லைக்குள் பாசி எடுக்கத் தடை என்பது உன் அம்மாவுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். பாட்டி காலத்திலிருந்து முங்கின கடல், வேறு பிழைப்பு எங்கே என்று அவர்கள் கேட்பதும் நியாயம். பவளப்பாரைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் நியாயம். நீ இரண்டையும் எழுது. ஆனால் மேலே எந்தப் பெயரைப் போட்டாலும் அந்த நாலு விவரம் இருக்கிறவரை அந்தப் படகில் இருக்கிற ஒவ்வொருத்தியையும் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்த மாதிரிதான். புனைபெயர் உன்மேல் போர்த்துகிற துணி. அது உன் அளவுக்குத்தான் இருக்கும். அம்மாவை மூடவேண்டுமானால் கதைக்குள்ளே போய் மூடவேண்டும்.

சரி, இனி பெயர்கள்.

பெயர் வைத்துக்கொள்வதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நாமே ஆசைப்பட்டு வைத்துக்கொண்டது நிலைக்கும் என்று சொல்லமுடியாது. பாரதி சின்ன வயதில் ஷெல்லிமேல் இருந்த பிரியத்தில் ஷெல்லிதாசன் என்று எழுதிப் பார்த்தார். நின்றதோ எட்டயபுரத்தில் மற்றவர்கள் கொடுத்த பாரதி என்ற பட்டம்தான். நம் கீழக்கரை சீதக்காதியைப் பார். ஷேக் அப்துல் காதிர் என்ற பெயர் நம் ஆட்கள் வாயில் உருண்டு உருண்டு, கூழாங்கல்லாகி, சீதக்காதி ஆகிவிட்டது. உமறுப்புலவரை ஆதரித்த வள்ளலை உலகம் இன்றைக்கும் அந்த உருண்ட பெயரில்தான் சொல்கிறது.

குறுந்தொகையில் இன்னும் அழகான காரியம் நடந்திருக்கிறது. எழுதியவர் யார் என்று தெரியாத பாட்டுக்கு, அந்தப் பாட்டிலேயே இருக்கிற ஒரு உவமையை எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். தினைக்காவலர் கவண் ஒலிக்கு வெருண்டு காட்டு யானை கைவிட்ட மூங்கில், மீன் கவ்வியதும் சுண்டி இழுத்த தூண்டில்கோல் மாதிரி விருட்டென்று மேலே எழுகிறது என்று ஒருவர் பாடினார். அவர் பெயர் மீனெறி தூண்டிலார். அவ்வளவுதான் நமக்குத் தெரியும். ஊர் தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது. ஆனால் அவர் தூண்டில் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்று எனக்குத் தெரியும். கோல் நிமிர்கிற அந்த நொடியைப் பார்க்காதவர் யானையிடமிருந்து விடுபட்ட மூங்கிலுக்கு அதைச் சொல்லமாட்டார். பெயரைத் தேடுவதானால் அந்தமாதிரி, உன் வரிக்குள்ளே தேடு.

உன் சீட்டில் முதல் பெயர் அலைமகள். வேண்டாம். தேடிப் பார், எத்தனை அலைமகள் வருகிறார்கள் என்று. என் நிலாவும் கடலும் அப்படித்தான், ஒரே மாதத்தில் என் பெயரில் இன்னொருவர் கவிதை எழுதினார். பாராட்டு எனக்கு வந்தது, எனக்கு வரவேண்டிய திட்டு அவருக்குப் போயிருக்கும். இரண்டாவதில் 'கடற்' என்று ஆரம்பிக்கிறது, மீதி கரைந்துவிட்டது. நீ கடற் என்று எழுதுவாய், படிக்கிறவள் கடல் என்று அடித்துத் தேடுவாள், கிடைக்காது. ஒற்று மிகுமா மிகாதா, ற் வருமா ல் வருமா என்று யோசிக்கவைக்கிற பெயர் போனில் தேடுகிறவர்களுக்கு ஆகாது.

மூன்றாவது ஒரு ஆண் பெயர். இதில் நான் பிடிவாதக்காரி. சுஜாதா என்ற பெயரில் எழுதியவர் ரங்கராஜன் என்ற ஆண், தெரிந்ததுதான். பத்திரிகையில் இன்னொரு ரங்கராஜன் ஏற்கெனவே இருந்ததால் மனைவி பெயரை எடுத்துக்கொண்டார், அவருக்கு அது ஒன்றும் தடையாக இல்லை. உனக்குத் தடையாகும். ஈரச்சேலை காலைச் சுற்றுவதை, மாதவிலக்கு நாளில் கடலுக்குள் இறங்குவதை எழுத வந்தவள் நீ. ஆண் பெயரைப் போட்டுக்கொண்டால் ஒவ்வொரு வரியிலும் உன்னை அழிக்கவேண்டியிருக்கும்.

நான்காவது உன் பாட்டியின் பெயர். நான் இப்போது எழுதுகிற பெயரும் என் அம்மாச்சி பெயர்தான், அதனால் இதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். ஆனால் உங்கள் ஊரில் அந்தப் பெயரில் இருந்தது ஒரே ஒரு பாட்டி. போட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஐந்தாவது மரிக்கொழுந்து.

இதை எழுதும்போது உனக்கே தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை. மதுரைக்காரியோ கோயம்புத்தூர்க்காரியோ இந்தப் பெயரைப் பார்த்தால் மல்லிகையோடு சேர்த்துக் கட்டுகிற வாசத் தழையைத்தான் நினைப்பாள். இந்தக் கரையில் மட்டும்தான் அது பாசி. பாரில் ஒட்டிக்கிடப்பது, நகம் தேயத் தேயப் பிய்த்தெடுப்பது, அகர் என்கிற ஜெல்லி காய்ச்சுவதற்குப் போவது. கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று மற்றதெல்லாம் பையில் கிடந்தாலும் "மரிக்கொழுந்து கிடைச்சுதா" என்றுதான் கரையில் நிற்கிறவர்கள் கேட்பார்கள். வாசத்தை எதிர்பார்த்து வருகிறவளை நீ தண்ணீருக்கு அடியில் கூட்டிக்கொண்டு போகிறாய். இப்படிப் பொருத்தமான பெயர் எனக்குக் கிடைக்கவில்லையே என்று இருந்தது. பாசிக்காரி எழுதுகிறாள் என்று தெரியுமே என்று பயப்படாதே. பாம்பனிலிருந்து தெற்கே கரையோரம் முழுக்கப் பாசிக்கார பெண்கள். அத்தனை பேருக்கும் நடுவில் நீ ஒருத்தி.

ஒரு குறை உண்டு. மருக்கொழுந்து என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், ழகரம் வேறு. நம் கீழக்கரையையே இங்கிலீஷில் பலகைக்குப் பலகை வேறுவேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள், உன் பெயருக்கும் அது நடக்கும். நடக்கட்டும். இங்கிலீஷ் எழுத்தை மட்டும் முதல் நாளே ஒன்றாக முடிவுசெய்துகொண்டு, எங்கேயும் மாற்றாமல் போடு.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். நம் படகுகளுக்கு இரண்டு அடையாளம் இருக்கிறதில்லையா, டி.என். 10 என்று போகிற எண் ஆபீஸுக்கு, பெயர் கரைக்கு. நீயும் அப்படியே இரு. பணம் வருகிற இடத்தில் உண்மைப் பெயரைக் கொடு. எனக்கு ஒருமுறை சன்மானக் காசோலை புனைபெயரில் வந்தது. வங்கியில் எடுக்கவில்லை. திருப்பி அனுப்பி வேறு வாங்க இரண்டு மாதம் ஆனது. அப்புறம், 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் புனைபெயரில் வந்த எழுத்துக்கு, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம் உரிமை. அதற்குள் எழுதியது யாரென்று வெளியே தெரிந்தால் எழுதியவர் காலத்துக்குப் பிறகு 60 வருடம். உன் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவேண்டியது அது. அதனால் எழுதியது நீதான் என்பதற்குத் தேதி போட்ட கைப்பிரதி ஒன்று இருக்கட்டும். நம்பிக்கையான ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்கட்டும். அந்த ஆள் நானாக இருக்கவேண்டும் என்றில்லை, அம்மாவாக இருந்தால் நல்லது.

அம்மாவிடம் சொல்லவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. என் தெரு அக்காவிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "உரலை எடுத்துவிடு" என்று அவரே சொல்லியிருப்பார். கதைக்கு என்ன குறைந்திருக்கும்? படிக்கத்தெரியாத அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று யோசிக்காதே. ராத்திரி பாசியைக் காயப்போட்டுவிட்டு உட்காரும்போது வாசித்துக் காட்டு. எங்கே முகம் மாறுகிறது என்று பார். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்.

படகின் நிறம், ஆள் கணக்கு, தீவு, பெரியம்மாவின் விரல். இந்த நாலையும் மாற்றி எழுதிவிட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுவா. சோறு பிசைகிற வரியில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாதே. சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, எடைக்கணக்கு வேண்டுமென்றால் அம்மாவை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
அக்கா