வியன்னாக்காரரை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார இணைப்பிதழில் நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மூளை நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை ஆய்ந்ததற்காக 2000-இல் நோபல் பரிசு பெற்ற சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சனுக்கு ஒரு முழுப் பத்தி. தகும். ஆனால் வியன்னாவின் உயிர்வேதியியலர் ஓலே ஹோர்னிக்கீவிச்சின் பெயர் மருந்துக்குக்கூட இல்லை. நோபல் குழு அவரை விட்டதற்கே 200-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நீங்களுமா?

டோபமைனின் வேலையைக் கார்ல்சன் பார்த்தது முயல்களில். மனித மூளையில் பார்த்தவர் ஹோர்னிக்கீவிச். இறந்தவர்களின் மூளையைப் பெற்று, டோபமைன் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் சோதனையைச் செய்தார். மற்றவர்களின் மூளைச் சாறு சிவந்தது. நடுக்குவாதக்காரர்களுடையதில் நிறம் ஏறவே இல்லை என்று சொல்லுமளவுக்கு வெளுத்துக் கிடந்தது. கருவியில் அளக்கும் முன்பே வெறுங்கண்ணுக்குத் தெரிந்துவிட்டதாம்! நோயாளிகளின் மூளைகள் ஆறே ஆறு. சக ஆய்வாளர் எரிங்கருடன் சேர்ந்து 1960-இல் அதை வெளியிட்டார்.

டோபமைன் குறைவதுதான் சிக்கல் என்று தெரிந்ததும் அதை நிரப்பப் பார்த்தார். டோபமைன் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அதற்கு மூலமான லெவோடோபா போகும். மருத்துவர் பிர்க்மயரிடம் கேட்டு, 1961 ஜூலையில் நோயாளிகளுக்கு ஊசியாகப் போடவைத்தார். எழுந்து உட்காரவே முடியாமல் கிடந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நின்ற இடத்திலேயே உறைந்தவர்கள் நடந்தார்கள். சில மணி நேரத்துக்குத்தான்.

அந்தச் சில மணி நேரத்தின் அருமை எங்கள் வீட்டுக்குத் தெரியும். என் அப்பாவின் கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் சிறுத்து, காசோலை திரும்பி வந்தபோதுதான் நோயே தெரிந்தது. இப்போது காலை ஏழு மணி லெவோடோபா மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் சட்டைப் பொத்தானைத் தாமே மாட்டிக்கொள்கிறார். அதற்கு முன் நான் உதவப் போனால் கோபம் வரும்.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. நம் வேலியோரப் பூனைக்காலி விதையிலிருந்து இதே லெவோடோபாவை 1937-இலேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துவிட்டார்கள். அது எந்த நோய்க்கு ஆகும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. (இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தி விதையை அரைக்கக் கிளம்பிவிட வேண்டாம், விதைக்கு விதை அளவு மாறும்.)

ஹோர்னிக்கீவிச் 2020-இல், 93 வயதில் காலமானார். அடுத்த இதழில் அவரைப் பற்றி நான்கு வரி போடுங்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி